தூக்க எச்சரிக்கைக் கேமரா: ஆறு டிரெய்லர்களில் எட்டு மாதப் பயன்பாடு

திருவொற்றியூர் சாத்தாங்காடு இரும்பு அங்காடிக்கு அருகில் நாங்கள் சிறிய அளவில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்துகிறோம். ஆறு கன்டெய்னர் டிரெய்லர்கள், ஒன்பது ஓட்டுநர்கள். மணலி, மாதவரம், பொன்னேரி நெடுஞ்சாலைப் பக்கத்து யார்டுகளிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திற்கும் பெட்டிகளைக் கொண்டு சேர்ப்பதும், இறக்குமதிப் பெட்டிகளை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு எடுத்துச் செல்வதும் எங்கள் வேலை. என் தந்தையார் இதே சாலைகளில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அவர் கடன்பட்டு வாங்கிய முதல் வண்டியிலிருந்துதான் இத்தொழில் வளர்ந்தது. ஓட்டுநரின் கண்ணிமைகளைக் கவனித்து, அவர் அயரும்போது ஒலியெழுப்பும் கேமராக் கருவியை எல்லா வண்டிகளிலும் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. இவ்வகைக் கருவிகள் இன்று பல பெயர்களில் விற்கப்படுகின்றன. அவை செயல்படும் விதம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பெயரை விடுத்து, வாங்க நினைக்கும் சிறு உரிமையாளர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை இக்கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதை எழுதுகிறேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த பங்குனியில் எங்கள் வண்டி ஒன்று செங்குன்றத்தைத் தாண்டி, விடியற்காலை நான்கு மணியளவில், சாலையின் நடுத்திட்டில் ஏறி நின்றது. பெட்டி சரியவில்லை, எவருக்கும் காயமில்லை. கண் அயர்ந்துவிட்டதாக ஓட்டுநர் மறைக்காமல் சொன்னார். அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டியபோது, முந்தின நாள் காலை ஆறரை மணிக்கு அவரை வேலைக்கு அழைத்தது நான்தான் என்பது தெரிந்தது. அவர் 21 மணி நேரத்திற்கு மேல் விழித்திருந்தார். அதில் வண்டி உண்மையில் சாலையில் ஓடியது ஐந்து மணி நேரம்கூட இல்லை. எஞ்சியதெல்லாம் துறைமுக வாயிலுக்கான வரிசையிலும் யார்டிலும் கழிந்திருந்தது. அன்றைக்கு அவர்மீது கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

ஒரு கருவியின் விலை பொருத்துக்கூலி நீங்கலாக 14,500 ரூபாய். சிம் இணைப்புக்கும் பதிவுகளைச் சேமித்துவைப்பதற்கும் ஆண்டுக்கு 2,400 ரூபாய் தனியே கட்ட வேண்டும். உள்ளங்கையளவுள்ள கேமரா, முன்கண்ணாடியின் வலப்பக்கத் தூணில் ஓட்டுநரின் முகத்தை நோக்கிப் பொருத்தப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் செலுத்துவதால் கேபின் விளக்கை அணைத்த நள்ளிரவிலும் இமைகளைத் தெளிவாகப் பார்க்கிறது. இமைகள் சுமார் இரண்டு வினாடி மூடியிருந்தால் முதலில் ஒலி. தொடர்ந்தால் இருக்கைக்கு அடியில் வைத்துள்ள அதிர்வி நடுங்குகிறது. மூன்றாவது முறை நேர்ந்தால் சிறு காணொளித் துண்டு உரிமையாளரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. கொட்டாவி, கைப்பேசியைக் காதில் வைத்தல், நெடுநேரம் பக்கவாட்டில் பார்த்தல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்கிறது. கன வண்டிகளின் 24 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக ஏற்றுக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் அனுப்பப்பட்ட இரண்டு கருவிகள் 12 வோல்ட்டுக்கானவை. அவற்றைத் திருப்பி அனுப்பி மாற்றிப் பெறுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

இரவுப் பார்வையில் இக்கருவிக்கு முழு மதிப்பெண் தருவேன். அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் எச்சரிக்கைகள் மிகுதியாக வருகின்றன. மதிய உணவுக்குப் பின் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மற்றொரு சிறு ஏற்றம். மனித உடலின் உட்கடிகாரம் உறக்கத்தை வலியுறுத்தும் நேரங்களாக மருத்துவம் சொல்பவையும் இவையே. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். மூன்று வினாடி கண் மூடினால் 50 மீட்டர். அதாவது எங்கள் டிரெய்லரைப் போல மூன்று டிரெய்லர்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தொலைவுக்கு, சுமை ஏற்றிய வண்டி தன்போக்கில் போயிருக்கும். இந்த எட்டு மாதங்களில் உண்மையான அயர்வு என்று காணொளியைப் பார்த்து நானே உறுதிசெய்த எச்சரிக்கைகள் 31. அவற்றில் ஒன்றேனும் இன்னொரு செங்குன்றமாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த வகையில் செலவழித்த பணம் வீணாகவில்லை.

பொய்யான எச்சரிக்கைகளும் உண்டு. யார்டில் டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநர் இடப்பக்கக் கண்ணாடியை நெடுநேரம் பார்த்தாக வேண்டும். அதைக் கவனக்குறைவு என்று கருவி கூச்சலிடுகிறது. இடுங்கிய கண்ணுடைய ஓட்டுநர் ஒருவர் வெயிலில் கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் இருக்கை அதிர்ந்தது. கேமராவின் கோணத்தைத் தாழ்த்திய பிறகு அது பெரிதும் குறைந்தது. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் நிலக்கரித் தூசும் சாம்பலும் கேமரா முகப்பில் படிந்து, நான்கைந்து நாட்களிலேயே படம் மங்கிவிடுகிறது. வாரம் இருமுறை மென்துணியால் துடைக்கும் பொறுப்பை நாங்கள் கிளீனர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். முதல் சில வாரங்கள் கருவி இந்தியில் எச்சரித்தது. பலமுறை எழுதிக் கேட்ட பிறகு தமிழ்க் குரல் வந்தது. தூக்கத்தின் விளிம்பில் இருப்பவருக்கு அவருடைய மொழியில் சொல்ல வேண்டும் என்பதை விற்பவர்கள் வாங்குவோர் கேட்காமலே செய்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் சிறு குறைகள். பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் இமைக் கண்காணிப்பு விழித்துக்கொள்ளும்படி கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் ஓட்டுநர் கண்ணை மூடினால் தேவையின்றி ஒலிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். வடசென்னையின் துறைமுக வரிசைக்குப் பொருந்தாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலிலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் கடந்து எர்ணாவூர் வரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற நாட்களை இங்கு வாழ்பவர்கள் அனைவரும் அறிவர். அந்த வரிசையில் வண்டி நிற்பதுமில்லை, ஓடுவதுமில்லை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு வண்டி நீளம் நகரும். நகரத் தவறினால் இடைவெளியில் வேறொருவர் நுழைந்துவிடுவார். பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஆகவே ஓட்டுநர் உறங்கவும் முடியாது, இறங்கிப்போய் நிம்மதியாக உண்ணவும் முடியாது, கழிப்பறைக்குச் செல்வதே பெரும்பாடு. ஆடி மாதத்தில் ஓர் இரவு, எங்கள் வண்டி அப்படி ஒரு வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்தபடியே கண் அயர்ந்தார். வண்டி மெல்ல உருண்டு முன்னால் நின்ற டிரெய்லரின் பின்விளக்கை உடைத்தது. வேகம் 4 கிலோமீட்டர். கருவி ஒன்றையும் பதியவில்லை. அதன் கணக்கில் அன்றிரவு எந்தக் குறையும் இல்லாத இரவு.

எங்களிடம் இருப்பவர்களிலேயே மூத்த ஓட்டுநர், என் தந்தையாருடன் வேலை பார்த்தவர், இன்றும் என்னைப் பாப்பா என்றே அழைப்பவர், அந்த விளக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தபோது என்னிடம் சொன்னார்: "கண்ண மூடுனா கத்துது பாப்பா. கண்ணு ஏன் மூடுதுன்னு அதுக்கு எங்க தெரியும்?" அவர் கேட்டதிலிருந்துதான் கருவியின் மற்றொரு பகுதியை, நாள்தோறும் மின்னஞ்சலில் வரும் நேர அறிக்கையை, நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

இந்த அறிக்கைக்காகவே இக்கருவியை வாங்கலாம் என்பதும், இந்த அறிக்கையே இக்கருவியின் மிகத் தவறான பகுதி என்பதும் என் முடிவு. விளக்கம் தேவை. சாவி திருப்பப்பட்ட நேரம், அணைக்கப்பட்ட நேரம், வண்டி நகர்ந்த நேரம், எஞ்சின் ஓடியபடி நின்ற நேரம், இருப்பிடம் ஆகிய அனைத்தையும் கருவி நிமிட அளவில் பதிகிறது. இவ்வளவு துல்லியமான பதிவு சிறு உரிமையாளர்களிடம் இதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் அறிக்கையின் முகப்பில் பெரிய எழுத்தில் 'ஓட்டிய நேரம்' என்று ஓர் எண் வருகிறது. அது 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கழிந்த நேரத்தை மட்டும் கூட்டிய எண். ஒரு நாள் அறிக்கையைத் தருகிறேன்: ஓட்டிய நேரம் 4 மணி 35 நிமிடம்; பக்கத்தில் பச்சை நிறக் குறி, 'பாதுகாப்பான அளவு'. அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சாவி திருப்பிய நேரம் காலை 7.10, அணைத்த நேரம் இரவு 10.50. 15 மணி 40 நிமிடம் அந்த மனிதர் இருக்கையில் இருந்திருக்கிறார். பச்சைக் குறியை நம்பி மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரை மீண்டும் அழைக்கும் உரிமையாளர், தம் மனச்சாட்சிக்குக் கருவியையே சாட்சியாக வைத்துக்கொள்வார்.

சட்டம் இப்படிக் கணக்கிடவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேருக்கும் அதற்கு மேலும் வேலை தரும் நிறுவனங்களுக்கு 2025 வரை பொருந்தியது. எங்களைப் போன்ற ஆறு வண்டிக்காரர்களும் அதற்குள் அடக்கம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்பது அதன் 13ஆம் பிரிவு. நெடுந்தொலைவு வழித்தடம் போன்ற சிறப்பு நிலைகளில் உரிய அலுவலரின் ஒப்புதலுடன் 10 மணி நேரம், வாரத்திற்கு 54 வரை போகலாம். ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேர ஓய்வாவது வேண்டும். ஒரு நாள் பணி முடிவதற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் பணி 12 மணி நேரத்திற்கு மேல் பரவக் கூடாது. கூடுதல் நேரத்திற்கு இரட்டைக் கூலி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு ஓட்டுநரின் நேர வரம்புக்கு இச்சட்டத்தையே கைகாட்டுகிறது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து இந்தப் பழைய சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டபோதும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற அடிப்படையைக் கைவிடவில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த நேர வரம்பை நடைமுறைப்படுத்த வழி காணுமாறு ஒன்றிய அரசிடம் வலியுறுத்தியது. விதி அறுபது ஆண்டுகளாக இருக்கிறது. அளக்கும் கருவிதான் இல்லாதிருந்தது.

அளக்கும்போது எதை அளப்பது என்பதற்கும் அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை இருந்தது. முதலாளியின் தேவைக்குத் தொழிலாளி கட்டுப்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று அதன் இரண்டாம் பிரிவு சொன்னது. வண்டி ஓடும் நேரமும், ஏற்றி இறக்குவது, பதிவேட்டில் கையெழுத்திடுவது, வண்டியைப் பராமரிப்பது போன்ற துணை வேலைகளின் நேரமும் அதில் சேரும். முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, 15 நிமிடத்திற்குக் குறைவானது கணக்கில் சேரும் என்று தனியே கூறப்பட்டிருந்தது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட காத்திருப்பு வேலையாகாது என்று வாதிடும் உரிமையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் அடுத்துள்ள விளக்கத்தைப் படிப்பதில்லை. வண்டியின் ஓட்டம் தடைப்பட்ட இடைவேளையைக் கழிக்க வேண்டுமானால், அந்த இடைவேளையில் ஓட்டுநர் தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிடும் நிலையில் இருக்க வேண்டும் என்பது அந்த விளக்கத்தின் சாரம். எண்ணூர் விரைவுச் சாலையில், ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கண் முன்வண்டியிலும் வைத்திருப்பவர் தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிடுகிறார் என்று அந்தச் சாலையில் ஒருமுறை நின்ற எவரும் சொல்லமாட்டார்.

ஐரோப்பிய நாடுகளின் கன வண்டிகளில் டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி கட்டாயம். அதில் ஓட்டுநரின் நேரம் நான்காகப் பிரிகிறது: ஓட்டுதல், பிற வேலை, அழைப்புக்குக் காத்திருத்தல், ஓய்வு. திசைமாற்றிச் சக்கரம், குறுக்கே வைத்த சுத்தியல்கள், கோடிட்ட கட்டம், கட்டில் என நான்கு சின்னங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அது காத்திருத்தல். தெரியாவிட்டால் அது பிற வேலை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய இடைவேளை. நாளுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் ஓட்டுவதற்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அதுவும் 10 மணி வரையில்தான், அனுமதி. அங்குள்ளதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 14,500 ரூபாய்க்கு விற்கும் கருவியில் நான்கு பொத்தான்களை வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வாயில் எப்போது திறக்கும் என்பது துறைமுகத்தில் ஒருவருக்கும் தெரியாத நாளில், எங்கள் ஓட்டுநர் இருப்பது கட்டில் சின்னத்தில் அல்ல.

எச்சரிக்கைகள் எங்கே வருகின்றன என்பதை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது இக்கருத்து எனக்கு உறுதிப்பட்டது. வரிசையில் வேகம் இல்லாததால் எச்சரிக்கை வராது என்று மேலே சொன்னேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாதவரம் ரவுண்டானாவைக் கடந்து, சாலை அகன்று, காற்று முகத்தில் படத் தொடங்கும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் அவை குவிகின்றன. ஒன்பது மணி நேரம் இழுத்துப் பிடித்திருந்த உடல், தடை நீங்கியதும் தளர்ந்துவிடுகிறது. கருவியின் கணக்கில் அவர் அப்போதுதான் ஓட்டத் தொடங்கியவர். புத்துணர்ச்சியோடு இருக்க வேண்டியவர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடைய செயல்திறனுக்கு நிகராகக் குறைந்துவிடும் என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே தண்டனை. குடித்தவரை ஊதச்சொல்லிப் பிடிக்கலாம்; உறக்கம் கெட்டவரை ஊதச்சொன்னால் கருவி சுழியத்தைத்தான் காட்டும்.

இனி உடல் தகுதி. இப்பகுதியில் இக்கருவி நான் எதிர்பாராத நன்மை ஒன்றைச் செய்தது. 51 வயதுள்ள ஓட்டுநர் ஒருவருக்கு, வார விடுமுறை கழிந்து வந்த மறுநாளே, காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் எச்சரிக்கைகள் வந்தன. கருவி பழுது என்று நினைத்து அவரை வேறு வண்டிக்கு மாற்றினோம். எச்சரிக்கைகளும் அவருடன் மாறின. அவர் குடிப்பவர் அல்லர். வீட்டில் விசாரித்தபோது, பல ஆண்டுகளாகக் கடுமையான குறட்டை என்றும், இரவில் சில சமயம் மூச்சே நின்றுபோய்த் திடுக்கிட்டு விழிப்பார் என்றும் அவர் மனைவி சொன்னார். அரசு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கவைத்து உறக்கத்தைப் பரிசோதித்தார்கள். உறங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதால், எட்டு மணி நேரம் படுத்தும் உண்மையில் அவர் ஆழ்ந்து உறங்கவே இல்லை என்பது தெரிந்தது. காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தும் முகக்கவசக் கருவியை இரவில் அணியச் சொன்னார்கள்; அதன் விலையில் பாதியை நாங்கள் ஏற்றோம். இரண்டு மாதம் அதே சம்பளத்தில் யார்டு மேற்பார்வையைப் பார்த்துவிட்டு இப்போது மீண்டும் ஓட்டுகிறார். அன்றிலிருந்து அவர் பெயரில் ஒரே ஓர் எச்சரிக்கை.

அவருடைய உரிமம் அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுப்பிக்கப்பட்டது. சரக்கு, பயணிகள் வண்டி ஓட்டும் உரிமத்திற்கு 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். பார்வைக் குறை உண்டா, அது கண்ணாடியால் சரிசெய்யப்பட்டதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறாரா, நல்ல பகலொளியில் 25 மீட்டர் தொலைவிலுள்ள நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, உறுப்புக் குறை உண்டா என்று கேட்கிறது அந்தப் படிவம். இரத்த வகையைக் குறிப்பது விருப்பத்திற்கு உரியது. உறக்கத்தைப் பற்றியோ, சர்க்கரையைப் பற்றியோ, இரத்த அழுத்தத்தைப் பற்றியோ தனிக் கேள்வி கிடையாது. இன்சுலின் போடுபவர் உணவு கிடைக்காத வரிசையில் எட்டு மணி நேரம் நின்றால் என்னவாகும் என்பதை அப்படிவம் நினைத்துப் பார்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திற்குப் பின் இந்த உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குமுன் மூன்று ஆண்டுகள். தண்டையார்பேட்டை, மணலிப் பக்கம் ஓடும் எரிபொருள் டேங்கர்கள் போன்ற அபாயச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு மூன்று ஆண்டுகள், அதனுடன் புதுப்பிக்கும்போது ஒரு நாள் பயிற்சி. எட்டு வயது வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்கிறோம். வண்டிக்குக் காட்டும் இந்த அக்கறையில் பாதியையாவது அதை ஓட்டுபவருக்குக் காட்டலாம். எங்கள் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கிறோம். அந்த வழக்கம் இக்கருவியால்தான் தொடங்கியது என்பதை நன்றியுடன் பதிவுசெய்கிறேன்.

கேமராவை ஓட்டுநர்கள் முதலில் விரும்பவில்லை. அந்தக் கேபின்தான் அவர்களுக்கு வீடு. அங்கேதான் உடை மாற்றுகிறார்கள், உண்கிறார்கள், உறங்குகிறார்கள். சாவி அணைந்ததும் பதிவு நிற்க வேண்டும் என்று நாங்கள் எழுத்தில் கேட்டுப் பெற்றோம். வாங்குபவர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. வேறொரு நிறுவனத்தில் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள்; அங்குள்ள ஓட்டுநர்கள் கேமராவின் முகப்பில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார்கள். விற்பனையாளர் எனக்கும் 'ஓட்டுநர் மதிப்பெண்' என்ற பட்டியலைக் காட்டி, குறைந்த மதிப்பெண்ணுக்கு அபராதம் விதிக்கலாம் என்று யோசனை சொன்னார். அந்த வசதியை அணைத்துவைக்கச் சொல்லிவிட்டேன். தூக்கம் வருவதைத் தண்டித்தால் தூக்கத்தை மறைப்பார்கள்.

தூக்கம் கெடுவதற்குக் காரணமான கூலி முறையையும் நாங்கள் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு நடைக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையில் கழியும் பத்து மணி நேரத்திற்குக் காசு இல்லை. ஆகவே வரிசையில் இழந்ததை அடுத்த நடையில் பிடிக்க ஓட்டுநர் ஓய்வைத் துறப்பார். கருவி எவ்வளவு கத்தினாலும் நடைக்கூலி இருக்கும்வரை அவர் வண்டியை ஓரங்கட்டமாட்டார். இப்போது மாதச் சம்பளமும் நாளுக்கான பேட்டாவும் தருகிறோம். மாதச் செலவு கூடியது. அதை ஈடுசெய்யவும் அந்த நேர அறிக்கையே உதவியது. எந்த நிமிடத்தில் வரிசையில் சேர்ந்தோம், எங்கே நின்றோம், எப்போது வாயிலைக் கடந்தோம் என்பதை அச்சிட்டு, காத்திருக்க வைத்ததற்கான ஹால்டிங் கட்டணம் கேட்டுப் பில்லுடன் இணைக்கிறோம். வாய்மொழியாகக் கேட்டபோது சிரித்து அனுப்பிய ஏற்றுமதி முகவர்கள் மூவரில் இருவர் இப்போது கொடுக்கிறார்கள். மூன்றாமவருக்கு நாங்கள் பெட்டி எடுப்பதை நிறுத்திக்கொண்டோம்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை நடுத்தரம். புகார் எண்ணில் பேசினால் மறுநாள் திரும்ப அழைக்கிறார்கள். மாதவரத்தில் இருக்கும் அவர்களுடைய பழுதுபார்ப்பவர் திறமையானவர், ஆனால் அவர் ஒருவரே. 'ஓட்டிய நேரம்' என்பதற்கு அருகில் 'பணியில் இருந்த நேரம்' என்ற எண்ணையும் முகப்பில் சேர்க்க வேண்டும் என்று நான்கு முறை எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாக நான்கு முறை பதில் வந்திருக்கிறது. இமையைப் பார்ப்பதற்கு ஐந்துக்கு நான்கு, நேரத்தைப் பதிவதற்கு ஐந்து, பதிந்ததைக் கூட்டிச் சொல்வதற்கு ஒன்று என்று மதிப்பெண் தருவேன். சந்தாவை அடுத்த ஆண்டுக்கும் புதுப்பிக்கப் போகிறேன்.

ஹால்டிங்கில் வந்த பணத்தைக் கொண்டு கார்த்திகையில் ஒன்பதாவது ஓட்டுநரைச் சேர்த்தோம். வரிசை நீளும் நாட்களில், ஐந்து மணி நேரம் முடிந்ததும் அவர் இருசக்கர வண்டியில் போய், நிற்கும் டிரெய்லரில் ஏறிக்கொள்வார். இறங்கியவர் அந்த இருசக்கர வண்டியில் வீடு திரும்புவார். நேற்றிரவு 11.40க்கு எர்ணாவூரில் அப்படி ஆள் மாறினார்கள். மாறியவர் வேறு முகம் என்பது கருவிக்குத் தெரியவில்லை. இருவரையும் ஒரே ஆளாக எண்ணி விடியும்வரை கணக்கிட்டிருந்தது. இன்று காலை அறிக்கையை அச்சிட்டு, 11.40க்கு நேரே பேனாவால் கோடு போட்டு, இரண்டு பெயர்களையும் தனித்தனியே எழுதிக் கோப்பில் வைத்தேன்.